பெரியம்மா திட்டினால் பயமில்லை

பெரியம்மாவின் அடக்கத் திருப்பலியில் பிரசங்கம் செய்த ஃபாதர் எங்கள் பங்குக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாவம், அவர் மேல் குற்றமில்லை. மறைந்த சகோதரி அன்பே உருவானவர், நோயாளிகளிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாதவர் என்று அவர் உருக்கமாகச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த எங்கள் குடும்பம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. பார்த்தவர்கள் அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். என் பக்கத்தில் சித்தப்பாவின் தோள் குலுங்கியது. அது அழுகையே இல்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, கோவைக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். பெரியப்பா மதுக்கரையில் வேலை பார்த்தார்; முன்பே காலமாகிவிட்டார். குழந்தைகள் இல்லை. அதை ஒரு குறை என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பியவர் யாருமில்லை. ஓய்வு பெற்றதும் போத்தனூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடிவந்தார். ஓய்வு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். தெருவில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும் கால் பிசகினாலும் முதலில் "சிஸ்டரம்மா" வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கதவு திறக்கும்போதே திட்டும் சேர்ந்து வெளியே வரும்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் உறவுக்காரர் ஒருவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு ஒருநாள் வந்து இறங்கினார். ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற வழி. பெரியம்மா நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிறகு ஆரம்பித்தார். ஓசியில் கிடைத்தால் இலையையும் சேர்த்துத் தின்பாயா, வயிறா அது வண்ணான் தாழியா என்று அவர் பொழியப் பொழிய, அந்த மனிதரின் மனைவி சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்குத் தெரியும். எங்கள் உறவில் எல்லாருக்குமே தெரியும். பெரியம்மா திட்டினால் ஒன்றுமில்லை. ஆயுசு கெட்டி.

பயப்பட வேண்டியது அவர் நயமாகப் பேசினால்தான். சித்தப்பா ஒருநாள் தாடை வலிக்கிறது, சொத்தைப் பல்லாக இருக்கும், ஒரு மாத்திரை கொடுங்கள் என்று வந்தார். பெரியம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்லீங்க தம்பி, இப்படி உக்காருங்க. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று பூப்போலச் சொன்னார். அவ்வளவுதான், வாசலில் நின்றிருந்த சித்தி 'ஓ'வென்று அழ ஆரம்பித்துவிட்டார். அது பல்வலி இல்லை, மாரடைப்பு. நேரத்துக்குக் கொண்டுபோனதால் சித்தப்பா பிழைத்தார். பிறகு வார்டில் வைத்து, பீடியை விடாததற்குப் பெரியம்மா அவரைக் காது கூசுகிற மாதிரி திட்டினார். சித்தி வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்தக் கிளம்பியது அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான்.

என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. என் பிரசவத்தின்போது நான் வலியில் கத்த, ஊரிலே இல்லாத பிள்ளையைப் பெறுகிறாயாக்கும் என்று பெரியம்மா என்னை வறுத்தெடுக்க, மனிதர் கோபத்தில் சிவந்துபோய் அம்மாவிடம் முறையிட்டிருக்கிறார். அம்மா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "நல்லாத்தான் திட்டறாங்க மாப்பிள்ளை, நீங்களும் ரெண்டு வெச்சுக்கங்க" என்று பொட்டலத்தை நீட்டினாராம். இன்றுவரை அவர் அதை மறக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். லேசான சீக்குக்காரன் படுத்துக்கொண்டு சாவையே நினைப்பான், திட்டினால் ரோஷம் வந்து எழுந்து நடப்பான் என்றார். பெரிய நோவில் கிடப்பவர்களை ஏன் திட்டுவதில்லை என்று கேட்டதற்கு மட்டும் குரல் இறங்கியது. "அவங்களுக்கு அதுக்கு நேரமில்ல கண்ணு" என்றார்.

அம்மாவுக்கும் அவருக்கும் நடந்ததைத் திட்டு என்று சொல்ல முடியாது. அது தினசரி வழிபாடு. அம்மாவின் சிறுவயதிலேயே என் பாட்டி இறந்துவிட்டதால், அம்மாவுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் பெரியம்மாதான். அறுபதைத் தாண்டியும் அம்மா அக்காவைக் கேட்காமல் ஒரு புடவை எடுத்ததில்லை. கேட்டுவிட்டு, அவர் சொன்னதற்கு நேர்மாறாக எடுப்பார். பிறகு சண்டை. ஒரு சுவர்தான் இடையில், ஆனாலும் காலையில் கண் விழித்ததும் போன் அடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது.

போன வருஷம் பெரியம்மா இளைக்க ஆரம்பித்தார். கேட்டால் சுகர் என்றார். கண்ணில் மஞ்சள் தெரிந்ததும் நான்தான் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். டாக்டர் என்னையும் அம்மாவையும் தனியாக அழைத்து, கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார். அக்காவுக்குத் தெரியவே கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். ஆயுசெல்லாம் நோயாளிகளோடு இருந்தவரிடம் நோயை மறைப்பதாம். நானும் தலையாட்டினேன். எப்போதும் போல இருந்தாலே போதும் என்று பேசிக்கொண்டு பெரியம்மா படுத்திருந்த அறைக்குள் போனோம்.

அம்மா நேராகப் போய்த் தலையணையைச் சரிசெய்து, பெரியம்மாவின் கன்னத்தைத் தடவி, "அக்கா, உங்களுக்குப் புடிச்ச அரிசிம்பருப்பு சாதம் செஞ்சு கொண்டாரட்டுங்களா?" என்றார். அப்படி ஒரு குரலில் அம்மா அவரிடம் பேசி நான் கேட்டதே கிடையாது. பெரியம்மா தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அவ்வளவுதானா கண்ணு?" என்றார்.

கண் மஞ்சளானபோதே தெரியுமாம். ஆனாலும் உங்கம்மா இப்படிப் பேசுகிற வரைக்கும் ஒரு நப்பாசை இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். தன்னைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டதெல்லாம், "உங்கம்மா சாப்ட்டாளா?" என்பதுதான்.

அம்மா சாப்பிடவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, பாதி ஜெபமாலையில் நிறுத்திப் பெரியம்மாவின் கையைத் தடவுவார். அழுத முகம் தெரியக்கூடாது என்று சிரித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சகிக்காது. ஒரு வாரத்தில் பெரியம்மாவைவிட அம்மாதான் நோயாளி மாதிரி ஆகிவிட்டார். அப்போதுதான் ஒரு மத்தியானம் அது என் காதில் விழுந்தது. பெரியம்மா அம்மாவின் தலையை வருடி, "செத்த நேரம் படுத்துக்க அம்மணி, வெசனப்படாத, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நயமான குரல். சித்தப்பாவிடம் பேசிய அதே குரல்.

பெரியம்மா போகப்போகிறார் என்பதை ஒருவாறு விழுங்கியிருந்தேன். அம்மாவும் தாங்கமாட்டார் என்று அவரே முடிவு கட்டிவிட்டாரே, இதை எங்கே போய்ச் சொல்வது? எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். உயிரோடு இருக்கிறவருக்கு எழவு வீட்டு முகத்தைக் காட்டுகிறாயே என்றேன். "பெரியம்மா உன்கிட்ட எப்படிப் பேசறாங்கன்னு கேட்டியா? அப்படிப் பேசினா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

அம்மா குழாயைத் திறந்து முகம் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து அரிசிம்பருப்பு சாதத்தை ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதலில் அம்மாவின் குரல்தான் கேட்டது. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதைப் பற்றி. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுச் சின்னக் குழந்தை மாதிரி செய்வதைப் பற்றி. குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. காலையில் கொடுத்த கஞ்சியையும் குடிக்கவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டால் மூடச் சொல்கிறீர்கள், மூடினால் திறக்கச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வாய் ஊட்டியிருக்க வேண்டும், பேச்சு நின்றது.

"சோறாடி இது? பருப்பு வேகவே இல்ல" என்றது பெரியம்மாவின் குரல். ஈனஸ்வரம்தான். ஆனால் போகப்போக ஏறியது. "நான் போனதுக்கப்பறம் இதைத்தான் பொங்கித் திங்கப்போறியா? மூஞ்சியப் பாரு. தலை சீவி எத்தனை நாளாச்சு? நாலு பேரு வந்து போற ஊட்டுல பேயாட்டம் நிக்கற. எந்திரி, போய்க் குளிச்சுப்போட்டு மொதல்ல உன் வயித்துக்கு எதாச்சும் போடு. போ."

அம்மா தட்டோடு வெளியே வந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"திட்டிப்போட்டாங்க கண்ணு," என்றார். "நல்லாத் திட்டிப்போட்டாங்க."

சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே, வேகாத அந்தப் பருப்பு சாதத்தைப் பிசைந்து வாயில் போட்டார். இன்னொரு வாய் எடுத்தார். உள்ளேயிருந்து பெரியம்மா மறுபடியும் சத்தம் போட்டார்.

"நின்னுட்டே திங்காத. உக்காந்து தின்னு."

அம்மா உட்கார்ந்தார்.