செயலாளரிடம் தோற்ற புரோகிராம்

போன ஞாயிறு காலை பத்து இருபதுக்கு எல்லாம் கெட்டது. ஏற்காட்டில் ஓர் ஓட்டல் கூடத்தில் சதுரங்கப் போட்டி. என் மகள் வென்றுகொண்டிருந்தாள். எதிரே ஆடிய பையனின் அப்பா வாசலில் நின்று கத்தினார்.

“ஏனுங்க, அந்தப் புள்ள பாத்ரூம் போயிட்டு வந்தாலே ஆட்டம் மாறுது! போன்ல பாத்துட்டு வருதுங்க. சோதிச்சுப் பாருங்க!”

அவளை ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். என்னை உள்ளே விடவில்லை. அந்த மனிதர் என் எதிரிலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றார். ஒருமுறை ஏமாற்றுக்காரி என்று பெயர் விழுந்தால் பிறகு எந்த ஊரில் அவளை நிம்மதியாக ஆட விடுவார்கள்?

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் வாடை. இப்படிப்பட்ட நேரத்திலா பழசெல்லாம் வரும் என்று கேட்காதீர்கள், வந்தது.

தொண்ணூறுகளில், இதே ஊரில் நான் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்த புதிது. இதே டீசல் வாடை அடிக்கும் எஸ்டேட்காரர்களின் கிளப்பில் கோடை விழாவுக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர் வருவதாக இருந்தது. அவரோடு கம்ப்யூட்டர் மோத வேண்டும். எந்த புரோகிராம் என்று முடிவுசெய்யக் கூடினார்கள். நான் சேலமெல்லாம் அலைந்து ஒன்று வாங்கி வந்திருந்தேன். சாம்பல் நிறக் கட்டம், அவ்வளவுதான். பார்க்க என்னைப் போலவே இருக்கும். கிளப் செயலாளரின் மச்சான் பெங்களூரிலிருந்து கொண்டுவந்ததிலோ காய்களே குதிரைவீரர்களாகி வாளை உருவி வெட்டிக்கொண்டார்கள்.

“ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு மோத விடலாங்க சார்,” என்றேன்.

“பொட்டியும் பொட்டியும் ஆடறத யாரு கண்ணு பாக்கறது? நானே ஆடிப் பாக்கறேன்,” என்றார் செயலாளர்.

என்னுடையது, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ராணியைப் பறித்தது. மச்சான் சிரித்துவிட்டான். அதுதான் வினை. அடுத்து வாள்காரர்களோடு ஆடி, ஜெயித்து, மேசையைத் தட்டினார்.

“இதையே வச்சுக்கலாம். நொம்ப நல்லா ஆடுது. அது என்னமோ வெடுக்கு வெடுக்குன்னு ஆடுதுங்க.”

தோற்ற புரோகிராமைத் தேர்ந்தெடுத்த உலகத்தின் ஒரே தேர்வுக்குழு அதுவாகத்தான் இருக்கும். கிராண்ட்மாஸ்டர் வந்து, டீயில் ஆடை படிவதற்குள் அதை முடித்துவிட்டு, “கொஞ்சம் கஷ்டமானதா கெடைக்கலீங்களா?” என்றார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “நீதானே கண்ணு கம்ப்யூட்டர் டீச்சரு? சொல்லியிருக்கக் கூடாதா?”

அன்று வயிறு எரிந்தது. ஆனாலும் மனிதனுக்கு ஈடுகொடுக்கிற பெட்டி கிடைக்குமா என்று கவலைப்பட்ட காலம் அது. அந்தக் கவலையே இப்போது உலகத்தில் இல்லை. என் கைப்பையில் கிடக்கும் போன் எந்த கிராண்ட்மாஸ்டரையும் நசுக்கிவிடும். அதனால், நன்றாக ஆடுகிற குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் பாராட்டத் தோன்றுவதில்லை. பையைத் துழாவத் தோன்றுகிறது.

எதிரே இருந்தவர் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். “எடுத்துக்குங்க. தப்பு இல்லீன்னா எதுக்குங்க பயம்?”

அந்தக் கையைத் தட்டிவிட எழுந்தேன். கதவு திறந்தது. பெண் நடுவர் வந்தார். பின்னால் மகள், தலைமுடி அவிழ்ந்து, யாரையும் பார்க்காமல்.

“ஒண்ணுமே இல்லீங்க,” என்றார் நடுவர். “மனசுல வச்சுக்காதீங்க. பாப்பா அவ்வளவு நல்லா ஆடுச்சு, அதான் சந்தேகமாப் போச்சு.”