நீலத் தண்ணீரை ஏமாற்றியவர்கள்

வியாழக்கிழமை காலை அச்சகத்தில் மெய்ப்புத் தாளை விரித்து உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், டிரஸ்ஸர் முத்தையா விடியற்காலையில் தவறிவிட்டார் என்றார். என் கை முதலில் போனது என் கண்ணுக்கு. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு இது புரியும்.

பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் இருக்கும் மருந்துக்கடையில் டாக்டருக்கு அடுத்தபடி அவர்தான். பினாங்கு நீரிழிவுக்காரர்களில் பாதிப்பேர் மாதம் ஒரு திங்கட்கிழமை சிறுநீர்ப் புட்டியோடு அவர் முன்னால் நிற்போம். நீல மருந்துத் தண்ணீரில் சில சொட்டுகள் விட்டுக் கொதிக்க வைப்பார். நீலமாகவே நின்றால் தப்பித்தோம். பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் ஆள் அவ்வளவுதான்.

நாங்கள் சும்மா இருப்போமா? மாதம் முழுக்க டின் பால் ஊற்றிய தேநீரும் நெய்ச்சோறும் உள்ளே போகும். சனிக்கிழமை வந்ததும் பட்டினி, போதாக்குறைக்குப் பாகற்காய்ச் சாறு. திங்களன்று புட்டி சமர்த்தாக நீலத்தில் நிற்கும். அங்கிருந்து நேராகக் கோப்பிக்கடைக்குப் போவோம்.

ஒரு கந்தூரி விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அச்சகத்துக்குத் திரும்பினேன். என் மேசைக்குப் பக்கத்தில் முத்தையா நின்றுகொண்டிருந்தார், கையில் காலிப் புட்டி. "இன்னிக்குத்தான் வேணும்ணே. திங்கக்கெழம வேணாம் லா" என்றார். ஏதேதோ சாக்குச் சொன்னேன், அவர் அசையவில்லை. மருந்துக்கடை அடுப்பில் அந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, போதும் போதும் என்று நான் நினைக்கும்போதே செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எனக்கு எடது கண்ணு தெரியாதுண்ணே. மூணு வருசமாச்சு" என்றார். யாரைப் பார்த்தாலும் தலையை முழுதாகத் திருப்பித்தான் பார்ப்பார். அதைக் கர்வம் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவருக்கும் இதே வியாதி. டாக்டர் சோதிக்கும்போதெல்லாம் அவரும் முதல் நாள் பட்டினி கிடந்தவர்தான். புட்டி நீலமாக இருந்த காலம் முழுவதும் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது.

எனக்கு எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். பதினொன்று என்றேன். வருஷம் ஏற ஏறக் கண்ணுக்கு ஆபத்தும் ஏறும் என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல் விட்டால் அது சீக்கிரம் வரும், ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம், சிறுநீரகமும் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம் என்றார். என் சட்டைப் பையிலிருந்த சுருட்டை எடுத்து, இதுவும் வேண்டாம் என்று குப்பையில் போட்டார். எனக்குக் கொதிப்பும் இருந்தது. வலிக்குமா என்றேன். "வலிக்காது. அதாண்ணே பயமே. ஒருநாள் கண்ணுல கறுப்பு நூல் மாதிரி மெதக்கும். நீங்க அதப் பாக்கறதுக்குள்ள உள்ள நெறய கெட்டிருக்கும்."

அன்றிலிருந்து நான் ஒழுங்காக இருந்தேன். கந்தூரிக்கு அழைத்தால்கூட வீட்டிலிருந்தே சலாம் சொல்லி அனுப்பினேன். பொடி எழுத்தைப் பார்த்துப் பிழை திருத்திச் சாப்பிடுகிறவன், கண் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? பிறகு, மூன்று மாதத்துக்கு முன்பு, மெய்ப்புத் தாளில் ஒரு வரியின் மேல் முடி கிடந்தது. ஊதினேன். போகவில்லை. வேறு தாளை எடுத்தேன், அதிலும் கிடந்தது. யா அல்லா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு மருந்துக்கடைப் பக்கமே நான் தலைகாட்டவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கால் இரண்டும் வீங்கிப் படுத்திருந்தார். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று அவர் மனைவி சொன்னார். நான் முன்னால் நிற்கிறேன், யாரு என்று கேட்டார். குரல் கொடுத்ததும் முகம் மலர்ந்தது. "என்ன கலர்ண்ணே?" என்றார். நீலம் என்றேன். "கண்ணு?" நன்றாக இருக்கிறது என்றேன். என் கையைத் தேடிப் பிடித்து, "நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களே" என்றார்.

அந்த மனிதருக்கு நான் கடைசியாகக் கொடுத்தது ஒரு பொய். சாகக் கிடந்தவரைச் சந்தோஷப்படுத்தினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல, நான் பயந்தாங்கொள்ளி.

அவரிடம் புட்டி கொடுத்தவர்களே, நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கோப்பிக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். இதை எழுதும்போதும் அந்த நூல் தாளின் மேல்தான் மிதக்கிறது, இப்போது இரண்டு. முத்தையா என்னிடம் விட்டுப்போனது பயம் ஒன்றுதான். அவர் கொடுத்தபோது அது என்னைக் காப்பாற்றியது. நான் அதை வைத்துக்கொண்டு ஒளிந்துகொண்டேன். நாளைக் காலை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பயத்தோடேயே டாக்டர் முன்னால் போய் உட்காரப் போகிறேன்.