ஆஸ்திரேலியாவுக்கு ஆறு தட்டு

கோலாரில் தங்கம் தோண்டியவர்கள் எங்கள் ஐயாதுரை அண்ணாச்சியின் தட்டைப் பார்த்திருந்தால், கடப்பாரையைப் போட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறியிருப்பார்கள்.

மில்லில் ஃபிட்டரான அவர், ஞாயிறுதோறும் செண்பகத்தோப்பு ஓடையில் மணல் அரித்துத் தங்கம் தேடுவார். கிடைத்ததென்னவோ கடுகளவுதான். ஆனால் அதற்காக அவரே தகரத்தில் அடித்த தட்டு அருமையானது. அதை வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று, 1998இல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இணையத்தில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். தீபாவளி போய்ப் பொங்கலும் போனது, ஒருவரும் கேட்கவில்லை.

"அடிச்சு வச்ச தட்டு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுருதேன்லே," என்றார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்றே ஆஸ்திரேலியா பீட்டராக மாறி, ஆறு தட்டு கேட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு மெயில் தட்டிவிட்டேன்.

மறுநாள் சென்டருக்குப் போனவர் துள்ளிக்கொண்டு வந்தார். "ஏலே, ரெண்டு ஆர்டர் வந்திருக்கு!"

நான் அனுப்பியது ஒன்றுதானே!

"கனடாக்காரன் ஒருத்தன் பத்து கேக்கான். போன் நம்பர் குடுத்திருந்தான், பூத்துல போய்ப் பேசிட்டே வாரேன்."

"இன்னொருத்தன்?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"பீட்டராம். ஆஸ்திரேலியாவுல பொறந்தவன் என்னை எதுக்குலே அண்ணாச்சினு கூப்பிடுதான்?" என்று சிரித்தபடியே என் காதைப் பிடித்தார்.