தம்பியின் விமானமும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

என் தம்பியைப் பிடிக்காத ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷம் காத்திருந்தேன். ஆரியசாலையில் அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. யாராவது அவனோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் குடியிருந்திருந்தால் கிடைத்திருப்பார்.

அவனுக்கு மராமத்து இலாகாவில் படம் வரைகிற வேலை. பகலில் பாலமும் கல்வெர்ட்டும் வரைந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் விமானம் வரைவான். ஆள் ஏறுகிற விமானமில்லை. கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மாதிரி விமானம். தீக்குச்சிக்கு வெட்டுகிற மட்டி மரத்தில் இழைத்து, மூக்கில் சீமையிலிருந்து பார்சலில் வரவழைத்த சுண்டுவிரல் உயர எஞ்சினைப் பொருத்துவான். அதற்குத் தீனி மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர். தெருக்கோடி டிஸ்பென்சரி கம்பவுண்டர் எனக்குத் தலைவலி மாத்திரை தரச் சீட்டு கேட்பார். அவனுக்கு மட்டும் ஈதரைப் புட்டியோடு கொடுத்து, "எப்பழாக்கும் பறத்தறது?" என்று விசாரிப்பார்.

நான் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு காலாண்டுப் பரீட்சையின்போது, இறக்கைக்குப் பூசுகிற வார்னிஷை என் மேசைமேல் கவிழ்த்துவிட்டான். நாற்பத்திரண்டு ஜியாமெட்ரி விடைத்தாள்களும் ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டன.

"சாரமில்ல எக்கா, ஆவி காட்டினா பிரிஞ்சிரும்" என்று சமாதானம் சொன்னான்.

பிரியவில்லை. அவமானத்தோடு அந்தப் பலகையைத் தலைமையாசிரியை முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "ஓ, அந்த ஏரோப்ளேன் பையன் உங்க தம்பியா? ஒரு நாள் நம்ம பிள்ளைகளுக்கும் பறத்திக் காட்டச் சொல்லுங்களேன்" என்று சிரித்தார். மறுபடி கேள்வித்தாள் எடுத்து, மறுபடி பரீட்சை வைத்து, மறுபடி திருத்தியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்குச் சொந்தமில்லை. அந்த விமானத்தை ஒரு ஆள் பிடித்திருக்க வேண்டும், எஞ்சின் சூடாகி அவன் கை காட்டும்போது விட வேண்டும். மைதானத்தின் நடுவில் அவன் கைப்பிடியோடு நிற்பான். கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்துக்குப் போகும். கையை மேலே சாய்த்தால் அது ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். அது வட்டமடிக்க வட்டமடிக்க அவனும் நடுவில் நின்று சுற்றுவான். அவன் கூட்டாளிகள் எல்லாரும் அவசரப்பட்டு முன்னாலேயே விட்டுவிடுவார்களாம். "நீதான் எக்கா சொன்னா சொன்னபடி நிப்பே" என்றான். அதைப் பாராட்டு என்று நினைத்து நான் சம்மதித்தது என் முட்டாள்தனம். விளக்கெண்ணெய் தெறிக்காத புடவை ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை.

ஒரு வருஷம், ஊரில் ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில் பறக்கவிட்டுக் காட்ட அவனை அழைத்தார்கள். அதற்காக சிகரெட் டின்னை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டிப் பெரிய எண்ணெய்த் தொட்டி செய்தான். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"லே, இது பன்னெண்டு நிமிஷம் ஓடும். நிமிஷத்துக்குப் பத்துச் சுத்து. நூத்தியிருவது சுத்து நீ சுத்துவியா? மூணு நாளாக் காய்ச்சல்ல கெடந்தவன்!"

"ஆள்க்காரெல்லாம் காண வராங்க எக்கா. ரெண்டு நிமிஷத்தில எறக்கினா நாணக்கேடு."

எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் எண்ணெய் தீரும்வரை நிறுத்த வழியில்லை. அது அவனுக்கும் தெரியும்.

கை காட்டினான், விட்டேன். அழகாகத்தான் ஏறியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பழக்கதோஷத்தில் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது வரை கைதட்டினார்கள். அறுபதில் தலைமை விருந்தினர் பேச எழுந்தார். அந்த இரைச்சலில் அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது, உட்கார்ந்துவிட்டார். எழுபத்தைந்தில் தம்பியின் முகம் வெளுத்துக் கால் பின்னியது.

"எக்கா! வந்து பிடி!"

நான் கைப்பிடியைத் தொட்டதுகூட இல்லை. நான் உள்ளே வர வசதியாக விமானத்தை அவன் உயரே ஏற்றினான். முந்தானையைச் செருகிக்கொண்டு, குனிந்து கம்பிக்குக் கீழே ஓடினேன். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் என் மாணவிகளும் இருந்தார்கள். அவன் கைமேல் கையை வைத்து ஒரு சுற்று சேர்ந்து சுற்றினேன். பிறகு அவன் விட்டுவிட்டு, தவழ்ந்து, என் காலடியில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தான். அப்போது எண்பத்து மூன்று.

கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிற கன்றுக்குட்டி மாதிரி அது கையைப் பிடித்து இழுத்தது. மற்றதெல்லாம் கலங்கித் தெரிய, விமானம் மட்டும் அசையாமல் என் முன்னால் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு சுற்றினேன். அவனை மனதுக்குள் திட்டிய வேகத்தில் எனக்குத் தலைசுற்றக்கூட நேரமில்லை. முப்பத்தேழு சுற்று. எஞ்சின் நின்றதும் தரையிலிருந்து ஒரு குரல்: "கைய மெல்ல தூக்கு! மெல்ல!" தூக்கினேன். புல்லில் இறங்கி, ஓடி நின்றது. மரம் உடையவில்லை, மூக்கிலிருந்த காற்றாடியும் உடையவில்லை.

தலைமை விருந்தினர் இறங்கி வந்து, தள்ளாடி எழுந்து நின்ற தம்பியின் கையைக் குலுக்கினார். அவனுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். எனக்கு யாரோ சோடா கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் அவன் சொன்னான்: "லேண்டிங்ல கொஞ்சம் வேகம் கூடிப்போச்சு எக்கா. முழங்கைய விறைப்பா வச்சிட்டே."

நான்கு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் அவனுக்கு அது தெரிந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் மொழிவாரியாக எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் மலையாளப் பக்கம் போயிற்று; அவன் தமிழ்நாட்டுப் பக்கம் வேலைக்கு எழுதிக் கொடுத்து நாகர்கோவிலுக்குப் போனான். பதினொரு விமானங்களை என் அறையில் வைத்துவிட்டுப் போனான். எடுத்துப் போ என்று கடிதம் எழுதினால், ஈரம் படாமல் பார்த்துக்கொள் என்று பதில் வரும்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில், ஆபீசுக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கே அவனிடம் விமானம் கட்டக் கற்றவர்கள் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒருவர் எழுந்து அந்த விளையாட்டு விழாவைப் பற்றிச் சொன்னார். நூற்றிருபது சுற்றும் ஒரே ஆளாகச் சுற்றி, பூப்போல இறக்கினாராம் அவர்கள் சார். அவரே சொன்னாராம்.

நான் எழுந்தேன். "எண்பத்து மூணுதாம் அவன். மிச்சம் முப்பத்தேழு நான். அப்ப அவன் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "சாரோட தமாஷ் அக்காளுக்கும் இருக்கு" என்றார் தலைவர். ஒருவர்கூட நம்பவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் தக்கலை வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குமேல் முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.