பாய்ப்படகில் சிலிண்டருக்கு ஓர் இடம்

கேஸ் அடுப்பு மாட்டுகிறவனுக்குக் கையைவிட மூக்கு முக்கியம். ஜலதோஷம் பிடித்தால் அன்றைக்கு லீவு போட்டுவிட வேண்டும். எண்பதுகளில் புதுச்சேரியில் ஒரு கேஸ் ஏஜென்சியில் ஃபிட்டராக இருந்தேன். மில் வேலை போன பிறகு கிடைத்த வேலை. சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களே, நீங்கள் ஏஜென்சியைத் திட்டியதில் பாதி என் காதில்தான் விழுந்தது. நெல்லித்தோப்பிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. ஒரு மேடை, ஒரு அடுப்பு, கீழே சிவப்பு சிலிண்டர், அதைத் தள்ளி நின்று பார்க்கும் ஒரு குடும்பம். எல்லா இடத்திலும் இதுதான். ஒரே ஒரு வீடு மட்டும் தண்ணீரில் மிதந்தது. அந்த ஒரு வீட்டுக்கு நான் பட்ட பாட்டை இங்கே சொல்கிறேன்.

விலாசம்

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலையில் சவரிநாதன் என்பவர் கவுண்டருக்கு வந்தார். பிரெஞ்சுக் கடற்படையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நேரில் பேசும்போது முசே. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடல் சுற்றி அலுத்துப்போய் விற்றுவிட்டுப் போன பாய்ப்படகை இவர் வாங்கியிருந்தார். அதில் மனைவியோடு கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்குப் போக வேண்டும். அங்கே கட்டிக்கொடுத்த மகளுக்கு மாசியில் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பெண் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய் வீடே புறப்பட்டுப் போகிறது. படகோடு அடுப்பும் இரண்டு குட்டி சிலிண்டரும் வந்திருக்கின்றன, ஒழுங்காக மாட்டிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்.

எங்கள் மேனேஜர் பாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். கதவு எண் என்ன என்று கேட்டார். இல்லை என்றார் முசே. தெரு? நோணாங்குப்பம் ஆறு. மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வாசப்படியே இல்லாத வீட்டுக்கு நான் எப்படி சார் ஆள் அனுப்பறது?"

மதாம் கேட்ட கேள்வி

ஏஜென்சி அனுப்பாவிட்டால் என்ன, ஞாயிற்றுக்கிழமை நானே போகலாம் என்று போனேன். கூட வேலை பார்க்கும் கலியமூர்த்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். நோணாங்குப்பத்தில் படகு வெள்ளையாக, அழகாகத்தான் நின்றது. உள்ளே இறங்கினால் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். அடுப்புக்குக் கீழே ஒரு மர அலமாரி, அதற்குள் சிலிண்டர். வீட்டில் வைப்பதைப் போலவே இருக்கிறது, டியூபை மட்டும் மாற்றினால் போதும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

முசேயின் மனைவி மதாம் அந்துவானெத் படகில் ஏறவே இல்லை. கரையில் குடை பிடித்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, கேஸு மேல போவுமா, கீழ எறங்குமா?" என்றார். கீழேதான் இறங்கும் மதாம், காற்றைவிட கனம் என்றேன். "வூட்டுல கசிஞ்சா கதவத் தொறந்து வுடுவோம், தரையோட வெளிய போயிடும். இதுல?" நான் படகின் தரையைப் பார்த்தேன். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராதபடி கட்டிய பாத்திரம் அது. தண்ணீர் வர வழி இல்லை என்றால் கேஸ் போகவும் வழி இல்லை. கசிந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஒரு தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை.

மதாமே தொடர்ந்தார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். "இருவது வருஷம் அவரு கடல்ல, நான் கரையில. ஒரு தரமாவது சேந்து போவணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா இதுக்குப் பதில் சொல்லலன்னா நான் ரயில்ல போறேன், அவரு படக வித்துடட்டும்."

முதல் பெட்டி

முசேவுக்கு அறுபத்திரண்டு வயது. தனியாகப் பாய் கட்டி இறக்க முடியாது. மதாம் வரவில்லை என்றால் படகும் இல்லை. தை பிறந்து வாடைக்காற்று இருக்கும்போதே தெற்கே இறங்கினால்தான் உண்டு. அதனால் அவசரம். நானும் கலியமூர்த்தியும் தகரத்தில் ஒரு பெட்டி அடித்தோம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நாலு பக்கமும் ஓட்டை போட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே பொருத்தினோம். ஏஜென்சியில் அலமாரிக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இதை எப்படிச் சோதிப்பது? கலியமூர்த்தி ஊதுவத்தி கொளுத்திப் பார்க்கலாம் என்றான். புகை மேலே அல்லவா போகும்! அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கனமான கேஸ் எந்த வழியாகப் போகுமோ, அந்த வழியாகத்தானே தண்ணீரும் போகும்? ஒரு வாளித் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றினேன். நாலு பக்கத்து ஓட்டையிலிருந்தும் கொட்டி, தரைப்பலகை இடுக்கில் இறங்கி, படகின் அடியில் போய்த் தேங்கி நின்றது. போகிற வழியில் முசேயின் புது மெத்தையையும் நனைத்தது. அன்று மதாம் கரையின் படித்துறைவரை இறங்கி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்க ஒரு துணியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது தண்ணியா இருந்ததாலதான் தம்பி நீ தொடைக்க இருக்கற."

ஓட்டை போடச் சொன்னவன்

வெட்கமாக இருந்தாலும் விடை கிடைத்துவிட்டது. சிலிண்டர் உள்ளே இருக்கவே கூடாது. வெளியே, பின்பக்கம், திறந்த வெளியில் இருக்க வேண்டும். பெட்டிக்கு மூடி மேலே மட்டும். பக்கத்தில் ஊசிமுனை இடைவெளி கூடாது. அடியில் மட்டும் ஒரு ஓட்டை, அதிலிருந்து சரிவாக ஒரு குழாய், அது படகின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெளியே போக வேண்டும். கசிகிற கேஸ் தானாகக் கீழே இறங்கி, கடல்மேல் போய்விடும். தகரம் உப்புக்காற்றில் ஒரு வருஷம் தாங்காது என்பதால் மரத்தில் பெட்டி செய்து பைபர் பூசுவது என்று முடிவானது.

அரியாங்குப்பத்தில் மீன்பிடிப் படகு கட்டும் மஞ்சினி ஆசாரி வந்தார். பெட்டியை ஒரு கோடு பிசகாமல் செய்தார். ஆனால் பக்கவாட்டில் துளை என்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டார். படகு சாய்ந்து ஓடும்போது துளை தண்ணீருக்குள் போகாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. முசே ஒரு பக்கம் கயிற்றைக் கட்டி, நாலு பேரைத் தொங்கவிட்டுப் படகைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் ஏறும் இடத்தில் ஆசாரி சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு ஒரு சாண் மேலே அடையாளம் வைத்தார். பிறகும் துளைப்பானை எடுக்காமல் கொஞ்ச நேரம் அந்த வெள்ளை உடம்பைத் தடவிக்கொண்டே நின்றார். "முப்பது வருசமா படகுல ஓட்டை அடைச்சுத்தாம்பா பழக்கம், போடச் சொல்லி இப்பத்தான் ஒருத்தன் கூப்புடறான்."

இந்தப் பெட்டிக்குள் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வராமல், பூனை ஒன்றுக்குப் போவதுபோல மெல்லிய தாரையாக ஆற்றில் விழுந்தது. மதாம் முதல்முறையாகப் படகில் ஏறி, குனிந்து, அதை முடிகிறவரை பார்த்தார். பிறகு தன் கணவரிடம் சொன்னார்: "செ பியேன், நல்லாருக்கு. இனிமே அரிசி மூட்டைய எங்க வைக்கறதுன்னு யோசிங்க."

முகத்துவாரம் வரை

சிலிண்டரிலிருந்து அடுப்புக்குச் செம்புக்குழாய் போட்டேன். வளைவெல்லாம் அளவாக, இணைப்பெல்லாம் இறுக்கமாக. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், எங்கேயும் ஒரு கொப்புளம் கிளம்பவில்லை. சரியாகிவிட்டது முசே, சுவரில் பதித்த மாதிரி இருக்கிறது என்றேன். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று முசே என்னையும் கலியமூர்த்தியையும் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம்வரை போனார். எனக்கு நீச்சல் தெரியாது. முதல் அலைக்கே காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டது. பிறகு வயிற்றில் எதுவும் இல்லாததால் நிம்மதியாகச் சோர்ந்து கிடந்தேன்.

திரும்பி வந்ததும் மதாம் சோப்பு நுரையைத் தானே எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிலிண்டருக்குப் பக்கத்து இணைப்பில் ஒரு சின்ன நுரைமுட்டை கிளம்பியது. உடைந்தது. மறுபடி கிளம்பியது. முகத்துவார அலையில் இரண்டு மணி நேர ஆட்டத்திலேயே என் செம்புக்குழாய் அசைந்து பிடி விட்டிருந்தது. இந்தக் கசிவு பெட்டிக்குள் இருந்ததால் ஆபத்தில்லைதான். ஆனாலும் என் முகத்தில் ஈயாடவில்லை. முசே என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தோளைத் தட்டி, "வூடு ஆடாது தம்பி, அதான் உனுக்குத் தெரியல" என்றார்.

மூக்கு

செம்பைக் கழற்றிவிட்டு, வளைந்து கொடுக்கிற கனமான ரப்பர் டியூப் போட்டேன். பெட்டியிலிருந்து அது வெளியே வரும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்து அடைத்தேன். அடுப்புக்கு அருகே கை எட்டும் இடத்தில் கேஸை நிறுத்த ஒரு குழாய்த்திருகு. சமையல் முடிந்தால் முதலில் சிலிண்டரை மூட வேண்டும், டியூபில் இருப்பது எரிந்து அடுப்பு தானாக அணைந்த பிறகு திருகையும் மூட வேண்டும் என்று மதாமுக்குச் சொன்னேன். அவர் அதை ஒரு அட்டையில் பிரெஞ்சில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் எழுதி, அடுப்புக்கு மேலே ஒட்டினார். மறுபடி முகத்துவாரம், மறுபடி சோப்பு. இம்முறை ஒன்றும் கிளம்பவில்லை. என் இட்லியும் உள்ளேயே இருந்தது.

பொங்கல் கழிந்த மறுநாள் மதாம் படகில் முதல் காபி போட்டார். ஆசாரியையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று ஒரு நாற்றம். என் கை தானாகத் திருகை மூடியது. கலியமூர்த்தி படிக்கட்டில் பாதி தூரம் ஏறிவிட்டான். நான் பெட்டியைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. தரைப்பலகையைத் தூக்கி முகர்ந்தேன், பலகைக்குப் பூசிய தேங்காய் எண்ணெய் வாசம்தான். மதாம் மட்டும் இடத்தைவிட்டு எழாமல், மூக்கைச் சுளித்துச் சற்று யோசித்துவிட்டு, பக்கத்துப் படகைக் காட்டினார். அங்கே பாய்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. "உக்காந்து காபியக் குடிங்க, அது நெத்திலி."

மாஹேயிலிருந்து

நாலு நாள் கழித்து, வாடை நன்றாக வீசிய ஒரு காலையில் கிளம்பினார்கள். மதாம் கையசைக்கவில்லை, பாய்க்கயிற்றைப் பிடித்திருந்ததால் கை ஒழியவில்லை. அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. நான் வீடு வீடாக அடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக எந்தச் சிலிண்டரை வைத்தாலும் குனிந்து தரை எந்தப் பக்கம் சரிகிறது, வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் இவன் தரையைப் பார்க்கிறான் என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள்.

பிறகு ஏஜென்சி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மதாம் கையெழுத்து. பாம்பன் பாலம் திறக்க மூன்று நாள் காத்திருந்தார்களாம். கன்னியாகுமரி தாண்டியதும் ஒரு நாள் முழுக்கக் காற்றடித்து, சோறாக்க முடியாமல் அவல் தின்றார்களாம். மற்றபடி தினமும் இரண்டு வேளை அடுப்பு எரிந்தது. போய்ச் சேர்ந்த ஆறாம் நாள் மகளுக்குப் பெண் குழந்தை, இருவரும் சுகம். திரும்பி வருவதற்குக் காற்று மாறும்வரை அங்கேயே இருப்பார்களாம். அதற்குள் முசே படகில் குழந்தையின் பெயரை எழுதிவிட்டாராம். நான் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். மேனேஜர்கூடக் கேட்டார். கவுண்டருக்கு முன்னால் காலி சிலிண்டர்களோடு நீளமாக வரிசை நின்றிருந்தது. கலியமூர்த்தி அந்த வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "இங்க இருக்கற ரெட்டியார்பாளையத்துக்கே நம்ம கேஸு இன்னும் போய்ச் சேரல, அது மாஹேவுக்குப் போய்டுச்சா!"

ஆக, எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்தால் கடைசியில் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை பாடு.