மூக்கு ரத்தமும் எரிபொருள் தாளும்

அவளை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். மதுக்கூட வாசலில் காவல் வேலை. தகராறு செய்கிறவனைப் பிடறியில் பிடித்துத் தூக்கினால் செருப்பு இந்தப் பக்கம் விழும், ஆள் எதிர் நடைபாதையில் விழுவான். ஒருவனை அறைந்ததில் திரும்பிய கழுத்து நேராக மூன்று நாள் பிடித்ததாம். இரண்டே நாள்தான் என்கிறவர்களும் உண்டு.

அவளுக்கு விமானம் ஓட்ட ஆசை. வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தே படித்து, விமானி உரிமத் தேர்வின் சட்டவிதித் தாளில் தேறிவிட்டாள். எரிபொருள் தாள்தான் மூன்று முறை காலை வாரியது. போகிற தூரத்துக்கு இவ்வளவு, இறங்க முடியாவிட்டால் வேறு நிலையத்துக்கு இவ்வளவு, கடைசியில் தொடாமல் வைக்க அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூட்ட வேண்டும். அந்த அரை மணியையும் அவள் செலவு செய்துவிடுவாள். மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்கு அடிதடியிலும் கிடையாது. நாலாவது முறைதான் கடைசி. நடுவில் அடிதடி வழக்கு பதிவானால் உரிமத்தையே மறந்துவிட வேண்டியதுதான்.

தேர்வுக்கு முந்தைய நாள் மதியம், போன வாரம் அவள் வெளியே தள்ளிய லாரிக்காரன் வந்தான். அவள் மடியிலிருந்த, எண்கள் பொறித்த வட்டமான அலுமினியக் கணக்குத் தட்டைப் பிடுங்கினான்.

"என்னடி, சக்கரம் வச்சு வெளையாடுறியா?"

"குடுத்துடுங்கண்ணே. நாளைக்குப் பரீட்சை, அதுல சுத்தித்தான் எரிபொருள் கணக்குப் போடணும்."

"ஏரோப்ளேனா? மொதல்ல இந்த ஸ்டூல ஓட்டு."

உதைத்தான். விழுந்தவளின் வலது கட்டைவிரலை பூட்ஸால் மிதித்தான். குச்சி ஒடிவதுபோல் கேட்டது. எழுந்தவள் உதட்டில் ஒரு குத்து. இடக்கையால் தட்டைப் பறித்து அவன் மூக்கின் குறுக்கே இறக்கினாள். மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு பற்கள் படியில் உருண்டன. அவன் சரிந்த பிறகும் அவள் கை ஓங்கியே இருந்தது. மதுக்கூடச் சமையற்கட்டில் வேலை செய்யும் அவள் புருஷன் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டி இழுத்தான்.

"போதும் தாயே. உரிமத்தையும் சேத்து அடிச்சுக் கொல்லாத."

கரண்டிக் காம்பை வைத்து விரலைக் கட்டிவிட்டவனும் அவன்தான்.

மறுநாள் தேர்வறை வாசலில் மேற்பார்வையாளர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது.

"இதென்னம்மா புள்ளி புள்ளியா? ஃபார்முலாவா?"

எண்களின் பள்ளத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பேசாமல் இருந்தால் காப்பியடித்தவள். உள்ளதைச் சொன்னால் வழக்கு.

"ரத்தம் சார்."

"யாரோடது?"

கிழிந்த உதட்டைக் காட்டினாள். "இதுலேருந்து கொஞ்சம்."

"மீதி?"

"மீதிக்காரர் இன்னும் கேட்டு வரல சார்."

அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். புள்ளி அழிந்தது.

"மை இல்ல. ரத்தத்தப் பத்தி விதியில ஒண்ணும் போடல. உள்ள போ."

விரல் வளையவில்லை. தட்டின் விளிம்பைப் பல்லால் கடித்துச் சுழற்றினாள். ஒவ்வொரு கணக்கிலும் முதல் வேலையாக அந்த அரை மணி நேரத்தை எடுத்துத் தனியே எழுதிவைத்தாள். எழுபத்தாறு மதிப்பெண், தேறிவிட்டாள்.

அதன் பிறகும் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் ஸ்டூலை விட்டு எழுந்து தெருவைப் பார்ப்பாள். பத்தாம் நாள் லாரிக்காரனே வந்தான், மூக்கில் பஞ்சோடு.

"ஆஸ்பத்திரில கேட்டாங்க. வண்டியிலேருந்து விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏண்ணே?"

"பின்ன, பொம்பள கையால வாங்கினேன்னா எழுதச் சொல்ற?"

இடி கதவைத் திறந்துவிட்டாள்.