காலி அண்டாவில் அம்மன் சொன்ன பதில்

பூ வைத்துவிட்டு வந்த அன்றைக்கே என் நெஞ்சில் தீப்பிடித்தது.

போன வருஷம் ஆவணி மாதம் அது. ராயப்பேட்டையில், எனக்குப் பார்த்த பெண் தேவியின் வீட்டில் விசேஷம். பிரியாணியை அவள் அம்மா ஒரு தடவை வைத்தார், அத்தை ஒரு தடவை வைத்தார், பெரியம்மா கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அவர் கையாலும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அப்படியே படுத்தேன். வயிற்றிலிருந்து எதுவோ ஏறி நடு நெஞ்சில் நின்று எரிந்தது. தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர். எழுந்து உட்கார்ந்தேன். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மனைக் கும்பிடும் அன்பர்களே, சிரிப்பதானால் கடைசியில் சிரியுங்கள். அன்றைக்கு நான் அழுதேன்.

எங்கள் வீடு கோட்டூர்புரம் குடியிருப்பில். அப்பா பெயிண்ட் அடிக்கிறவர். அம்மா அடையாறில் வீடுகளில் சமைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போனவன் நான் ஒருவன்தான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. யாருக்கு மாத்திரை அட்டை வந்தாலும், கரண்டு ஆபீஸிலிருந்து எது வந்தாலும், படித்துச் சொல்வது நான்தான். அந்தப் பழக்கத்தில் என் நெஞ்சையும் நானே படித்துவிட்டேன். செல்போனில் தேடினேன். முதலில் அஜீரணம் என்று போட்டிருந்தது. படித்தவன் அதோடு நிற்பானா? இறக்கிக்கொண்டே போனேன். அடியில் மாரடைப்பு இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம். கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுப் போவதா? வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் தேவியின் பேரைப் பார்த்தாலே போனை எடுத்துவிடுகிற எனக்கு, அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் அம்மனிடம் ஒரு தவணை கேட்டேன். நவராத்திரி முடிவதற்குள் இந்த எரிச்சல் போக வேண்டும். போகாவிட்டால் சொல்லிவிடுவேன்.

ஆட்டோ ஓட்டும் என் நண்பன் பாஸ்கரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சி, இது கேஸுடா. சோடா அடி, ஏப்பம் வுடு, கல்யாணத்த பண்ணு."

"ஹார்ட்டா இருந்தா?"

"ஹார்ட்டா இருந்தா மூணு தட்டு பிரியாணி உள்ள போவுமா? கம்முனு கிட."

சோடா குடித்தேன். வயிறு பலூன் போல ஏறியது. மாப்பிள்ளை மாதிரித் தெரிய வேண்டும் என்று வாங்கியிருந்த புது பெல்ட்டை வேறு கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தேன். எரிச்சல் காது வரைக்கும் போனது.

அன்றிலிருந்து கோயில்தான் கதி. கடை முடிந்ததும் பஸ் பிடித்து மயிலாப்பூர். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் தட்சிணாமூர்த்தி, வெள்ளி அம்மன், சனி ஆஞ்சநேயரும் பெருமாளும். மனம் உருகித்தான் வேண்டினேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் பிரசாத வரிசையில் நிற்பேன். புரட்டாசி மாதம் மயிலாப்பூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மிளகு வடை, சுண்டல், நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல், எண்ணெய் மினுங்கும் புளியோதரை. நான் சனிக்கிழமை தவறாமல் வருவதைப் பார்த்துப் பார்த்து, பெருமாள் கோயிலில் பிரசாதம் கொடுக்கும் மாமாவுக்கு என்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

"கொழந்த சனிக்கிழமை தவறாம வந்துண்டிருக்கான் பாரு. எளச்சுப் போயிருக்கான். ரெண்டு கரண்டியா போடு."

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? கொடுப்பது மாமா கை, அனுப்புவது பெருமாள் அல்லவா? ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன். மிளகாய்கூட ஒதுக்கியது கிடையாது. பிறகு ஒரு காபி. வீட்டுக்குப் போனால் களைப்பு, உடனே படுக்கை. படுத்ததும் தீ.

வேண்ட வேண்ட எரிச்சல் கூடியது. போன ஜென்மத்துப் பாவமெல்லாம் எரிகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் இரண்டு கோயில், பாவமும் இரட்டிப்பாக எரிந்தது.

அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. "இன்னாடா, கல்யாணக் களை வர வேணாமா? சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்தவனாட்டம் கீறே. பொண்ணு புடிக்கலன்னா சொல்லித் தொலடா."

பிடித்திருப்பதுதானே பிரச்சினை! இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நவராத்திரியின் கடைசி வெள்ளி வந்தது. அம்மன் சந்நிதியில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே சொன்னேன்: "தாயே, இன்றைக்கு ஒரு பதில் சொல்லு. இல்லையென்றால் நாளைக்குக் காலையில் தேவி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்." அம்மன் எலுமிச்சம்பழ மாலைக்குள் அமைதியாக இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. அவர் தொன்னையில் பொங்கல் விழுந்தது. நான் தொன்னையை நீட்டினேன். கரண்டி அண்டாவின் அடியில் போய் 'டங்' என்று இடித்தது.

"அவ்ளோதான்பா. தீந்துபோச்சி."

"அண்ணே, ஒட்டிக்கினு இருக்கறதயாவது..."

"இன்னா ஒட்டிக்கினு கீது? நீயே எட்டிப் பாரு. போப்பா, போ."

எட்டிப் பார்த்தேன். அண்டா துடைத்துவிட்டது போல இருந்தது. எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தவள் எனக்கு வெறும் கையை விரித்துவிட்டாள். இதுதான் பதிலா? மனம் உடைந்துபோய் பஸ்கூட ஏறவில்லை. மந்தைவெளி வழியாக வீடு வரைக்கும் நடந்தேன். நான் எப்போதும் கோயிலிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறவன் என்பதால் அம்மா எனக்கு எதுவும் எடுத்து வைக்கவில்லை. கொஞ்சம் மோர் சாதம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு தேவி வீட்டில் என்ன சொல்வது என்று வாசலிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு படுத்தேன்.

கண் திறந்தால் விடிந்திருந்தது.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். எரிச்சல் இல்லை. புளித்த தண்ணீர் இல்லை. ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுசாகத் தூங்கினேன். முதலில் அற்புதம் என்று நினைத்தேன். பல் தேய்க்கும்போது அந்த 'டங்' சத்தம் திரும்பக் கேட்டது. பிரஷை வாயில் வைத்தபடியே அப்படியே நின்றுவிட்டேன். அம்மன் கை விரிக்கவில்லை, அன்பர்களே. பதில் சொல்லியிருக்கிறாள்.

தேவி வீட்டுக்குப் போகாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போனேன். நெஞ்சு என்றதுமே டாக்டரம்மா முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லாருக்கு. நைட்டு என்ன சாப்பிடுவீங்க?" என்றார்.

"பிரசாதம் மேடம்."

"அதுக்கப்புறம்?"

"சனிக்கிழமையா இருந்தா இன்னொரு பிரசாதம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறதாம். வயிற்றை முட்ட நிரப்பினால், உடனே படுத்தால், பெல்ட்டை இறுக்கினால், வயிற்றிலுள்ள அமிலம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலே வருமாம். நெய், எண்ணெய், புளி, காரம், காபி, சோடா, சிகரெட் எல்லாம் பலருக்கு இதைக் கிளப்பிவிடுமாம். சிகரெட் தவிர மீதியெல்லாம் என்னிடம் இருந்தது.

"அளவா சாப்பிடுங்க. சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுங்க. தலைப்பக்கம் கொஞ்சம் ஒசரமா வெச்சுக்கோங்க. மாத்திரை கொஞ்ச நாளைக்குப் போதும்."

"மேடம், பிரசாதத்த வேணாம்னு சொன்னா சாமி குத்தமாயிடாதா?"

"ஒரு பருக்கை போட்டா சாமி கோச்சுக்குமா? நான் வெள்ளிக்கிழமை விரதம். எனக்குத் தெரியும், கோச்சுக்காது."

வெளியே வந்து தேவிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யோவ்," என்றாள். "பொங்கல் தின்னுட்டு நெஞ்சு எரிஞ்சதுக்கா என்ன வேணாம்னு சொல்ல இருந்தே?"

"புளியோதரையும்தான்."

"தாலி கட்டு, அப்புறம் வெச்சுக்கறேன்."

தையில் கட்டினேன். பந்தியில் அவள் அத்தை இரண்டாவது தடவை வாளியோடு வந்தபோது இலைமேல் இரண்டு கையையும் விரித்துப் போதும் என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

இப்போதும் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிறேன், தேவியோடு. கொடுப்பதைக் கண்ணில் ஒற்றி, ஒரு பருக்கை வாயில் போட்டு, மீதியை அவள் தொன்னையில் சேர்த்துவிடுகிறேன். அவளுக்கு நெஞ்சு எரிவதில்லை. அதுவும் அம்மன் அருள்தான்.

உங்களில் யாருக்காவது நெஞ்சில் வலியோ எரிச்சலோ இருந்தால், என்னைப் போல நவராத்திரி வரைக்கும் தவணை கேட்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அம்மனிடமும் சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். என்றைக்காவது வரிசையில் உங்கள் முறை வரும்போது கரண்டி அடியில் இடித்தால், முகம் வாடாமல் திரும்பி நடங்கள். எனக்கு அவள் கொடுத்ததிலேயே பெரிய பிரசாதம் அந்தக் காலி அண்டாவில்தான் இருந்தது.